பெருங்காயம் போட்ட மோர்

போன ஞாயிறு சேரப்பணஞ்சேரியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை எங்கள் மாடி ரூமில் குடியிருக்கும் செல்வின். தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. கோட்டு சூட்டில் கன்னம் உப்ப நின்றவனைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது... சந்தோஷத்தில்தான்!

பின்னே? போன வருஷம் இந்தக் கல்யாணம் நின்று போக இருந்ததே.

எவ்வளவு சாப்பிட்டாலும் அவன் உடம்பில் ஒட்டாது. சதா வயிற்றுப்போக்கு. கம்பெனியில் பாகங்கள் நகர்ந்து வரும் லைனில் நிற்பவர் பாத்ரூம் போக வேண்டுமானால் ரிலீவர் வந்து அந்த இடத்தில் நிற்க வேண்டும். செல்வினைவிட அவனுடைய ரிலீவர்தான் அதிகம் வேலை பார்க்கிறார் என்று கம்பெனியில் கேலி. எலும்பும் தோலுமாக ஆனவனைப் பார்த்துப் பெண் வீட்டார் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டார்கள்.

“வேற ஏதும் சீக்கு இருக்குமோன்னு பயப்படுதாவக்கா” என்று எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னான்.

அல்சர், சூடு, கண் திருஷ்டி... ஆளுக்கொரு காரணம் சொன்னோம். கடைசியில் குடல் டாக்டரிடம் போனான். ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி, குடலிலிருந்து துளி சதை எடுத்து ஒரு டெஸ்ட். குற்றவாளி — கோதுமை! அதிலிருக்கும் குளூட்டன் என்ற புரதம் இவனுக்கு ஆகாதாம். அதனால் குடலின் உள்சுவர் கெட்டு, சாப்பாட்டிலிருந்து சத்தை உறிஞ்ச முடியவில்லையாம். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, கோதுமை, மைதா, ரவை எதையும் ஆயுசுக்கும் தொடாதே என்றார் டாக்டர். பரோட்டாவைப் பிரிந்த துக்கத்தில் பாவம், அன்று பரோட்டாக் கடை இருக்கும் தெருவையே தவிர்த்துச் சுற்றுவழியில் வீட்டுக்கு வந்தான்.

அப்படியும் வயிறு அடங்கவில்லை.

என் வீட்டுக்காரர் மண்ணூர்க்காரர். எந்த வியாதிக்கும் அவரிடம் ஒரே வைத்தியம்தான். “பெருங்காயம் போட்ட மோர் குடிப்பா, எல்லாம் சரியாப் பூடும்” என்று, கம்பெனி பஸ் பிடிக்க ஓடுகிறவனை நிறுத்தித் தினமும் ஒரு சொம்பு நீட்டுவார். அண்ணன் மனசு நோகக் கூடாதென்று அவனும் குடிப்பான்.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர், என்னென்ன சாப்பிடுகிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தவர், மோரில் நிறுத்தினார். கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்குமாம். எங்கள் வீட்டுப் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். மைதா என்று போட்டிருந்தது. அன்பாகக் கொடுத்தால் மட்டும் குடல் ஒத்துக்கொள்ளுமா என்ன?

மோர் நின்றது. மெல்ல மெல்லச் சதை பிடித்தது. பெண் வீட்டாரை டாக்டரிடமே கூட்டிப்போய்ப் பேச வைத்தான். பயம் தெளிந்து தேதி குறித்தார்கள்.

பந்தியில் உட்கார்ந்தபோது பெண்ணின் அம்மா என் காதில் ஒரு ரகசியம் சொன்னார். மணப்பெண்ணே சமையல்காரர் பக்கத்தில் நின்று, சாம்பாரில்கூடப் பெருங்காயம் விழாமல் பார்த்துக்கொண்டாளாம். இனி இவனைப் பற்றி எனக்கென்ன கவலை?

என் வீட்டுக்காரர் மறுபடி சாம்பார் கேட்டு வாங்கி, கண்ணை மூடி ரசித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“பாத்தியா... பெருங்காயம் தூக்கலாப் போட்டுக்கிறான். அதான் இன்னா ருசி!”