எதிரி நாட்டுக்குக் கோதுமை

என் மகள் மெல்பேர்னில் வேலை செய்கிறாள். போன குளிர்காலத்தில் அவளுடைய காரை ஒரு லொறி பக்கவாட்டில் இடித்தது. தோள் எலும்பு முறிந்ததோடு தப்பினாள். அவளுக்கு எலும்பு எப்போதோ கூடிவிட்டது. எனக்குத்தான் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் இன்னமும் உடனே அவள் குரலைக் கேட்டாக வேண்டும்.

வேறு மாநிலத்தில், நான் இருக்கும் டூங்கபியிலிருந்து நாள் முழுக்க அழைத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"அம்மா, மீட்டிங்கில இருக்கேக்க போன் அடிச்சா எல்லாரும் என்னைத்தான் பாக்கினம். கிழமைக்கு ஒருக்காக் கதைப்பம். மற்ற நாளில என்னோட ஒரு கேம் விளையாடுங்கோ. என்ர மூவ் வந்தா நான் உயிரோட இருக்கிறன் எண்டு அர்த்தம். ஆனா இந்த ஒரு கேம் மட்டும்தான். அது முடியிறதுக்குள்ள நீங்கள் பயத்தை விடோணும்."

அப்படித்தான் ஐம்பது தாண்டிய பிறகு நான் ஒரு நாட்டுக்கு அரசியானேன். ஆட்டம் கைத்தொலைபேசியில். ஆளுக்கொரு நாடு. ஒருவர் வயல் உழுது, வீடு கட்டி, ஆட்களை நகர்த்திப் பொத்தானை அழுத்திய பிறகுதான் மற்றவருக்கு முறை வரும். அவள் காலையில் வேலைக்குப் போகும் வழியில் அழுத்துவாள். 'உங்கள் முறை' என்று திரையில் வரும்வரை எனக்குத் தேநீர் இறங்காது.

எங்கள் இரு நாடுகளுக்கும் சமாதான உடன்படிக்கை இருந்தது. தாக்க முடியாது; பண்டங்களைக் கொடுத்து வாங்கலாம். அவளுடைய தலைநகரில் தானியம் குறைவு என்று ஒரு நாள் திரை காட்டியது. மனம் கேட்கவில்லை. கோதுமை அனுப்பினேன், இனாமாக. மெல்பேர்னுக்குப் போகிற எவர் கையிலும் மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் திணித்துவிடுகிறவள் நான். ஆட்டத்தில் மட்டும் கை சும்மா இருக்குமா?

பிறகுதான் அந்த வேடிக்கை நடந்தது. சாப்பாடு கூடியதும் அங்கே சனம் பெருகியது. குடியிருக்க வீடு போதவில்லை. வேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் தெருவில் இறங்கிக் கூச்சலிட்டார்கள். அவள் கட்டிக்கொண்டிருந்த பெருங்கோபுரம் பாதியில் நின்றது.

கோபுரம் எழும்பினால் அவள் வென்றுவிடுவாள். ஆட்டம் முடியும். அதன்பின் காலையில் அந்தச் செய்தி வராது. அதுவரை பாசத்தில் போன கோதுமை, அன்றிலிருந்து திட்டத்தோடு போயிற்று. கருவாடும் சேர்த்தேன். கோபுரத்துக்கு வேண்டிய சலவைக்கல்லை, ஆட்டமே நடத்துகிற பக்கத்து நாடொன்றில் ஒன்றுவிடாமல் வாங்கிக் குவித்தேன். அவளுடைய வண்டிகள் வருகிற மலைப்பாதையில் என் உழவர்களை நிறுத்தினேன். சமாதான காலத்தில் உழவரை யாரும் தள்ளிவிட முடியாது. ஓர் அம்புகூட எய்யவில்லை. நான் வேலை செய்யும் பரமட்டா அலுவலகத்தில் மதிய இடைவேளையில் நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரி, புதிதாக யாரையாவது காதலிக்கிறேனா என்று கேட்டாள்.

ஒரு புதன்கிழமை மகள் தானாகவே அழைத்தாள். எடுப்பதற்குள் என் மனம் ஆஸ்பத்திரிவரை போய் வந்தது.

"என்ன பிள்ளை, என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்ல. உங்கட கமக்காரர் ஏன் என்ர மலைப்பாதையில நிக்கினம்?"

"காத்து வாங்கினம்."

"அவ்வளவு சலவைக்கல்லும் என்னத்துக்கு? குசினிக்குப் பதிக்கவோ?"

"மலிவா வந்தது."

"அம்மா! அந்தக் கோதுமை! பாவம் அம்மா, பாசத்தில அனுப்புறா எண்டு நினைச்சன். யூ ஆர் ஈவில்!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு கேட்டாள்: "நீங்களும் வெல்லேல்ல, என்னையும் வெல்ல விடேல்ல. ஏன்?"

பொய் வாயில் வரவில்லை. "முடிஞ்சா, காலமை உன்ர மூவ் வராதே" என்றேன்.

அவள் டிராமில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னாள்:

"சரி. இந்தச் சனத்தை வைச்சுக் கோபுரம் கட்டேலாது. எல்லாரையும் படையில சேர்க்கப் போறன். சமாதானம் முடிஞ்சுது அம்மா."

"ஐயோ, என்னட்ட ஒரு படையும் இல்லையே பிள்ளை!"

"தெரியும். பயப்பிடாதேங்கோ. ஒரு நாளைக்கு ஒரு ஊரா, அவசரமில்லாம ஆறுதலா வாறன்."

மறுநாள் காலை, ரயில் பரமட்டாவை அடையும் முன்பே என் எல்லை ஊர் ஒன்று போய்விட்டது. மீதி ஊர்களை எண்ணிப் பார்த்தேன். நிறையவே இருந்தன.