நான்கு வரிக் கல்யாண அட்டை

"நான் எழுதுற கார்டை எவனும் ரெண்டாவது தடவை படிக்க வேண்டியதே இல்ல. ஒரே பார்வை லா, மூளைக்குள்ள போய் உக்காந்துக்கும்!"

பிரிக்பீல்ட்சில் கல்யாண அட்டை அச்சடிக்கும் கமலநாதன் இப்படி அறிவித்தபோது, கடையிலிருந்த இரண்டு வாடிக்கையாளர்களும் தேத்தாரிக் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்கள். அவர் சும்மா சொல்லவில்லை. பெட்டாலிங் ஜெயா ஹோட்டல் ஒன்றில், மதிய பஃபேயும் சேர்த்து, ஒரு நாள் முழுக்க மூளை அறிவியல் பயின்றவர். மனித மூளை ஒரே நேரத்தில் நான்கு விஷயங்களைத்தான் தாங்கும் என்று அங்கே சொன்னார்கள். ஐந்தாவதை ஏற்றுவது வாசகருக்குச் செய்யும் கொடுமை என்பதை இவர் சொந்தமாகக் கண்டுபிடித்தார்.

அன்றுமுதல் அவருடைய அட்டைகள் மெலிந்தன. அதில் சிகரம், மகள் ஷாமினியின் அட்டை. பெண், மாப்பிள்ளை, நாள், கிள்ளான் மண்டபம்; நான்கே வரி. வழக்கமாகப் பாதிப் பக்கத்தை அடைத்துக்கொள்ளும் சொந்தக்காரர் பட்டியல் அறிவியலின் பெயரால் நீக்கப்பட்டது.

"என் அண்ணன் பேரு எங்கங்க?" என்றார் மனைவி சீதாலெட்சுமி.

"அது தகவல் இல்ல. மூளைக்குப் பாரம்."

அட்டை செமினியிலிருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த அன்றே அந்தப் பாரம் போன் செய்தது.

"மச்சான், பரமேஸ்வரன் பேசுறேன். கார்டை ரெண்டு பக்கமும் பார்த்தேன். கவரையும் கிழிச்சுப் பார்த்தேன். தாய்மாமன் பேரே இல்ல. மாலை எடுத்துக் கொடுக்கவும் உங்க மூளையையே கூப்பிட்டுக்குங்க, நான் வரல."

"மாமா வராம நான் மணமேடை ஏற மாட்டேன்பா" என்று ஷாமினி சொல்லிவிட்டாள். கல்யாணத்துக்கு இருபது நாள்தான் இருந்தது.

கமலநாதன் வகுப்புக் குறிப்பேட்டை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். தாய்மாமனுக்கு அதில் விதிவிலக்கு எதுவும் காணப்படவில்லை. குறிப்பேட்டை மூடி, மேசை இழுப்பறையில் போட்டார். சீதாலெட்சுமி சொல்லச் சொல்ல எழுதினார்: பரமேஸ்வரனில் தொடங்கி, டெங்கில் ஊர்ச் சித்தப்பா குடும்பம் உட்பட, நாற்பத்தாறு பெயர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, பெண்ணின் பெற்றோர்.

புது அட்டையின் மாதிரித்தாள் இயந்திரத்திலிருந்து வந்தது. பரமேஸ்வரனுக்கு அதைப் படமெடுத்து அனுப்பினார்கள். "இது கார்டு!" என்று பதில் வந்தது. கமலநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரல் வைத்துப் படித்தார். பாதியில் நின்றார். மறுபடி மேலே போனார்.

"நாள், மண்டபமெல்லாம் சரியா இருக்குதாங்க?" என்றார் சீதாலெட்சுமி.

"இரு, இன்னும் அங்க வரல."

விரல் மூன்றாவது தடவையாக, முதல் வரியிலிருந்த 'கமலநாதன்' என்ற இடத்தில் நின்றிருந்தது.