அப்பா பிடித்த நாடி

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். இன்று துறைமுகத்தில் என் பெயர் எழுதிய லாரிகள் பன்னிரண்டு ஓடுகின்றன. அப்பேர்ப்பட்ட என் கையை, மில்லர்புரம் ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்க்கப் போனபோது ஒரு நர்ஸ் பிடித்தாள். ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு ஒன்பது வயதாகிவிட்டது.

அப்பா குவைத்தில் நர்ஸாக இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் ஊருக்கு வருவார். வந்ததும் நாங்கள் அவர் பெட்டியின் மேல் விழுவோம். அவரோ வீட்டில் எல்லார் நாடியையும் பிடித்துப் பார்த்த பிறகுதான் பெட்டியைத் திறப்பார். அவர் சட்டையிலும் இதே வாசனைதான்.

ஒருமுறை அம்மாவின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. கடிகாரத்தைப் பார்த்தார், முகம் சுருங்கியது. அம்மாவுக்கு ஏதோ பெரிய நோய் என்று நான் பெட்டியையே மறந்து நின்றேன்.

"ஏளா, நூறைத் தாண்டுதே! உடம்புக்கு என்ன செய்யுது?"

"ரெண்டு வருசம் கழிச்சு வந்து கையப் பிடிக்கீய. பின்ன எப்படித் துடிக்குமாம்?" என்றாள் அம்மா.

அப்பா வெட்கப்பட்டதை நான் அன்றுதான் பார்த்தேன். ஆனாலும் கையை விடவில்லை. பெட்டி திறக்க மத்தியானம் ஆனது.

"அண்ணாச்சி, நாடி வேகமா இருக்கே?" என்றாள் என் கையைப் பிடித்திருந்த நர்ஸ்.

"இருக்கும் தாயி! குவைத்துல நர்ஸா இருக்க எம்மவ இன்னைக்கு வாரா. பெட்டியத் திறக்கதுக்கு முன்னால என் கையத்தான் பிடிப்பா, அவ தாத்தா மாதிரி."