பனிக்குள் போன படகு

பாகங்களாகப் பெட்டியில் வந்த பொம்மை நீராவிப் படகைப் பூட்டி முடித்து, பாய்லருக்கு அடியில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினேன். அதே வாசனை.

சின்ன வயதில் இதே மாதிரி ஒன்றை, காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரான அப்பா வாரக்கணக்கில் உட்கார்ந்து பூட்டினார். காப்பிக்கொட்டை கழுவும் தொட்டியிலேயே விடச் சொன்னாள் அம்மா. கேட்காமல் ஏற்காடு ஏரியில் விட்டார். இரண்டு பக்கச் சக்கரமும் தண்ணீரைத் தட்டிக்கொண்டு போக, பனிமூட்டம் இறங்கியது. படகு மறைந்து சத்தம் மட்டும் கேட்டது.

"ஏனுங்க, கூப்பிட்டா வருமாங்க?" என்றாள் அம்மா.

முழங்கால் தண்ணீரில் நின்றபடி அப்பா என்னிடம் சொன்னார்: "நீராவி தீர்ற வரைக்கும் யாராலயும் நிறுத்த முடியாது கண்ணு."

இப்போது எதிரே நாற்காலியில் அப்பா. சக்கரம் சுழல்வதைப் பார்த்துச் சிரித்தவர் என் பக்கம் திரும்பினார்.

"நொம்ப நல்லா இருக்குதுங்க. நீங்க எந்த எஸ்டேட்டுங்க?"