கல்லுக்கு நாற்பது அடி

எனக்கு எழுபத்து மூன்று வயது. எங்கள் ஊர்க் குளத்தங்கரையில் ஷூ போட்டுக்கொண்டு ஐம்பது வயதுக்காரர்கள் வாக்கிங் வருகிறார்கள். ஒருத்தராலும் என்னைத் தாண்டிப் போக முடியாது. பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பதினான்கு வயதில் வாழைக்குலைச் சுமடு தலையில் ஏறியது. நாற்பது ஆவதற்குள் சந்தையில் சொந்த மண்டி. இன்றைக்கு லாரி இருக்கிறது, மாடி வீடு இருக்கிறது. அப்பன் தந்தது ஒன்றும் இல்லை. எல்லாம் இந்த இரண்டு காலும் சம்பாதித்தது.

அந்தக் கால்களைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். உடம்பு அசைந்தால் மனசு தெளியும் என்பதைப் பட்டு அறிந்தவன் என்கிற உரிமையில் நாலு வார்த்தை சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் பேனாவை எடுத்தால் எனக்குப் பின்னால் ரப்பர் செருப்புச் சத்தம் கேட்கிறது. அந்தச் செருப்புக்காரனைச் சொல்லாமல் என் நடையைச் சொல்ல முடியாது.

அவன் என் கூட்டாளி. என்னைவிட ஒரு வயது இளையவன், மெலிந்தவன். இரண்டு பேரும் ஒரே நாளில் சுமடு எடுக்க வந்தோம். மேட்டுத் தோட்டங்களிலிருந்து சந்தைக்கு ஏத்தன் வாழைக்குலைகளைத் தலையில் வைத்துக் கொண்டுவர வேண்டும். வழியில் அங்கங்கே சுமைதாங்கிக் கல் நிற்கும். இரண்டு கல்லை நட்டு, மேலே கழுத்து உயரத்தில் ஒரு கல்லைக் குறுக்கே போட்டிருப்பார்கள். குனியாமல் அப்படியே சுமட்டை அதில் சாய்த்து இறக்கலாம், திரும்ப ஏற்றலாம். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடையில் நிற்கக் கூடாது. தரையில் இறக்கிவிட்டால் தனியாளாய்த் தூக்க முடியாது. நின்றால் கால் இறுகிவிடும். மூச்சு முட்டினாலும் கண் இருட்டினாலும், ‘கல்லுக்குப் போய் நிக்கலாம்’ என்று சொல்லிக்கொண்டே நடப்போம். அது சுமட்டுக்காரர் முறை.

இன்னொரு முறையும் இருந்தது. இளைத்தவன் முன்னால் போக வேண்டும், பலமுள்ளவன் பின்னால் வர வேண்டும். அப்போதுதான் நடை இளைத்தவனுக்கு ஏற்றபடி இருக்கும். அதனால் எப்போதும் அவன் முன்னால், நான் பின்னால். அவன் முகத்தைவிட அவன் பிடரிதான் எனக்கு நன்றாகத் தெரியும். பிடரியில் வேர்வை ஓடுகிற விதத்தைப் பார்த்தே அவனால் இன்னும் எவ்வளவு தூரம் முடியும் என்று சொல்லிவிடுவேன்.

நான் மண்டி போட்டதும் அவன் என்னிடமே சுமடு எடுக்க வந்தான். ஆள் நிற்கும்போது என்னை முதலாளி என்பான். ஆள் இல்லாவிட்டால் ஏலேதான்.

அறுபத்தெட்டு வயதில் மகன் என்னை வீட்டில் இருத்தினான். “அப்பா ஒழச்சது போரும், ரெஸ்ட் எடுங்க” என்றான். நானும் டிவி முன்னால் உட்கார்ந்தேன். இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு என்னவோ ஆயிற்று. சோறு இறங்கவில்லை. யாராவது கூப்பிட்டால் கோபம் வந்தது. ஒருநாள் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும்போது கண்ணீர் வந்தது, சோப்பு விளம்பரம். மரிச்சினிக் கிழங்கு மூட்டையைச் சிரித்துக்கொண்டே தூக்கியவன் நான். எனக்கு என்னவென்று எனக்கே தெரியவில்லை. நாகர்கோவிலில் ஒரு டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு மருந்து கால்ல இருக்கு, நடங்க” என்றார். நடந்தேன். முதல் நாள் வேர்வை வழிந்தபோது, பாசி பிடித்த தொட்டியைத் தேய்த்துக் கழுவியது போல உள்ளே ஒரு வெளிச்சம் வந்தது. ஒரு மாதத்தில் குளிமுறியில் பாட்டுப் பாடினேன். மருமகள் பயந்துபோய்க் கதவைத் தட்டினாள்.

அதோடு எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. நான்தான் அந்த மருந்தைக் கண்டுபிடித்தவன் மாதிரி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கூட்டாளியும் முட்டு தேய்ந்து மண்டியை விட்டான். வீட்டு முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நான் போனால் தலையை ஆட்டுவான், பேச மாட்டான். எனக்கு அந்த முகம் தெரியும். என் முகமாய் இருந்ததுதானே.

“ஏலே, நாளைக்கு வெடிய வருகேன். சட்டையப் போட்டுட்டு நில்லு” என்றேன்.

“ஒனக்கு வேற வேல இல்லியாலே? சொமக்க ஒண்ணும் இல்லாம என்னத்துக்கு நடக்கணும்?”

“ஒம் மூஞ்சியச் சொமந்துட்டு நட. அதுவே ரெண்டு கொல வெயிட்டு.”

சிரித்துவிட்டான். பல மாதத்துக்குப் பிறகு சிரிக்கிறான் என்று அவன் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் மண்டைக்காட்டுப் பக்கத்துக்காரி. பேசினால் பாடுகிற மாதிரி இருக்கும். “அண்ணாச்சி, எப்பிடியாவது கூட்டிட்டுப் போயிருங்கோ. இந்த மனுசன் கசேரியோட சேந்து மொளச்சுப் போச்சு” என்றாள்.

மறுநாளிலிருந்து நடந்தோம். குளத்தங்கரையின் ஒரு கோடியில் மதகு, மறு கோடியில் ஒரு பழைய சுமைதாங்கி. இப்போது அதில் யாரும் சுமடு வைப்பதில்லை. பிறந்தநாள் பிளெக்ஸ்தான் கட்டுகிறார்கள். மதகில் தொடங்கி, கல்லடியில் கொஞ்சம் இருந்துவிட்டுத் திரும்புவோம். தோவாளைச் சந்தைக்குப் போகிற பூ டெம்போ கரையோரச் சாலையில் பிச்சிப்பூ மணத்தோடு கடக்கும்போது நாங்கள் பாதி வழியில் இருப்போம். அவனும் தேறினான். மீனுக்குப் புளி போதவில்லை என்று மனைவியோடு சண்டை போடத் தொடங்கினான். ஆள் தேறியதற்கு அதைவிட என்ன வேண்டும்?

ஒன்றை இப்போது சொல்ல வேண்டும். குளத்தங்கரையில் நான்தான் முன்னால் நடந்தேன். பழைய முறைப்படி அவன் அல்லவா முன்னால் போயிருக்க வேண்டும்? எனக்கு அது தோன்றவே இல்லை. இத்தனை வருடம் முதலாளியாய் இருந்த பழக்கம். எதிரே வருகிறவர்கள் வணக்கம் சொல்வார்கள், நான் கையை உயர்த்துவேன், அவன் செருப்பு பின்னால் சப்பு சப்பென்று வரும். அதுபோதும் என்று இருந்தேன்.

ஒருநாள் காலை, கல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், பின்னாலிருந்து கேட்டான்: “ஏலே, செத்த இரிக்கட்டா?”

நான் திரும்பவில்லை. “கல்லுல போய் இரிக்கலாம்லே. நாப்பது அடி. நட.”

“நெஞ்சு அடைக்கு.”

“எளவு, சொமடு எடுத்தவனுக்கு இதா மூச்சு? நட.”

செருப்புச் சத்தம் வந்தது. ஒரு பத்துப் பதினைந்து தடவை வந்தது. பிறகு நின்றது. நான் நிற்கவில்லை. கல்லுக்குப் போய், சாய்ந்து நின்று, அப்புறம்தான் திரும்பினேன். அவன் கரையில் உட்கார்ந்திருந்தான். ஒரு கையைத் தரையில் ஊன்றி, விழுந்த எதையோ தேடுகிறவன் போலக் குனிந்திருந்தான். பிடிவாதம் பிடிக்கிறான் என்று நினைத்தேன். “கல்லு எழும்பி ஒங்கிட்ட வராதுலே கெழவா!” என்று கத்தினேன்.

ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. ரொம்ப நாளாக அடைப்பு இருந்திருக்கும், எப்போது வேண்டுமானாலும் நடக்கக்கூடியதுதான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கிடந்து சீப்படாமல் நடையிலேயே போனான், நல்ல சாவு என்று ஊர் சொன்னது. அவன் மனைவி என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். “கடைசியா என்னமாம் சொன்னாவளா அண்ணாச்சி?”

“ஒண்ணும் சொல்லல தங்கச்சி” என்றேன்.

அதற்குப் பிறகு நடையை நிறுத்தினேன். மூன்றே வாரத்தில் பழைய இருட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டது. மகன் டிரெட்மில் வாங்கி வைத்தான். ஓடிக்கொண்டே ஒரே இடத்தில் நிற்கிற மெஷின். ஏறினேன். ஐந்து நிமிடத்தில் பின்னால் சப்பு சப்பு. மெஷினின் பெல்ட் சத்தம்தான் என்று மகன் எண்ணெய் விட்டான். எண்ணெய் விட்டும் கேட்டது. எனக்குப் பேய் பயம் கிடையாது. சுடுகாட்டு வழியாகச் சுமடு கொண்டுபோனவன் நான். ஆனால் அந்தச் சத்தம் பதினைந்தாவது தடவைக்குப் பிறகு நிற்கும் பாருங்கள், அந்த இடத்தில் என் முதுகு சில்லிட்டுவிடும்.

நடந்தால் அவன் வருகிறான். நடக்காவிட்டால் இருட்டு வருகிறது. இருட்டுக்கு அவனே மேல் என்று திரும்பவும் கரைக்குப் போனேன். அவன் உட்கார்ந்த இடம் வரைக்கும் போவேன், அங்கிருந்து திரும்பிவிடுவேன். கல்லுக்குப் போனதே இல்லை. வாக்கிங் வருகிற ஒரு வாத்தியார், “என்ன அண்ணாச்சி, பாதியில ரிட்டன் ஆயிருதியோ? வயசாயிட்டா?” என்று சீண்டினார். அவரைத் தாண்டி வேகமாக நடந்து காட்டினேன். மதகுப் பக்கம்தான்.

இப்படி ஒரு வருடம் போனது. போன மாதம் அவன் மனைவி வீட்டுக்கு வந்தாள். மெலிந்துபோயிருந்தாள். பேச்சில் இருந்த பாட்டு போய்விட்டிருந்தது.

“டாக்டர் நடக்கச் சொல்லுகாரு அண்ணாச்சி. சுகர் முந்நூறு. ஒறக்கமும் இல்ல. கல்ஃப்ல இருந்து மவ தெனமும் வீடியோவுல வந்து கத்துகா, அம்மா வெளிய எறங்கு, எறங்குன்னு. தனியா எறங்கக் காலு வரமாட்டேங்கு. எங்க வீட்டுக்காரர நடத்திக் கொண்டுபோனது நீங்களாக்கும். என்னையும் கொண்டுபோணும்.”

முட்டுவலி என்றேன். “காலைல டீக்கடை பக்கமா பறந்துட்டுப் போனது யாரு? ஒங்க தம்பியா?” என்றாள். எனக்குத் தம்பி கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் மதகில் நின்றோம். நான் சும்மா நின்றேன். அவளும் நின்றாள்.

“என்ன அண்ணாச்சி, நடங்கோ.”

“நீ முன்ன போ தங்கச்சி. நான் பொறத்த வாறேன்.”

பொம்பளை முன்னால் நடக்க, பின்னால் ஆம்பளை வந்தால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று கொஞ்சம் தயங்கினாள். பிறகு போனாள். மகள் அனுப்பிய ஷூ பெட்டியிலேயே கிடந்தது. அவள் போட்டிருந்தது அவன் செருப்பு. அளவு பெரிது. சப்பு சப்பென்று முன்னால் கேட்டது. இத்தனை நாள் பின்னால் கேட்ட சத்தம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. நான் அவள் பிடரியையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

பூ டெம்போ கடந்தது. அந்த இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவள் பிடரியில் வேர்வை கோடாய் இறங்கியது. மூச்சு வாங்கியது. திரும்பாமலே கேட்டாள்.

“அண்ணாச்சி, செத்த இரிக்கட்டா?”

அதே சொல். ஒரே வீட்டில் நாற்பது வருடம் பேசின சொல், வேறு எப்படி வரும்? அவள் உட்காரும் முன்னே நான் உட்கார்ந்துவிட்டேன். பனி ஈரத்தில், வேட்டியோடு. வணக்கம் சொல்லிக்கொண்டு வந்த வாத்தியார் பார்த்துவிட்டு வேகமாகக் கடந்து போனார்.

அவளும் உட்கார்ந்தாள். மூச்சு தணிகிற வரைக்கும் காத்திருந்துவிட்டுச் சொன்னேன். “அவன் ஒண்ணும் சொல்லலன்னு நான் சொன்னது பொய். செத்த இரிக்கட்டான்னு கேட்டான். நான் விடல. நெஞ்சு அடைக்குன்னான். நான் திரும்பிக்கூடப் பாக்கல. நாப்பது அடிதான், கல்லுல போய் இரிக்கலாம்னு சொன்னேன்.”

குளத்தில் ஒரு முங்குகோழி முங்கி, வெகுநேரம் கழித்து வேறு இடத்தில் எழுந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“எந்த எடம்?” என்றாள்.

காட்டினேன். எழுந்தாள். கையைக் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. அந்த இடத்தில் போய் நின்று, கல்லைப் பார்த்தாள். பிறகு நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் உதடு அசைந்தது. எண்ணுகிறாள் என்று பிறகுதான் புரிந்தது. நானும் பின்னால் போனேன். ஒரு வருடமாய்ப் போகாத தூரம் அது. நாற்பது ஆகியிருக்கும் என்று நான் நினைத்தபோது கல் இன்னும் தள்ளி இருந்தது. அவள் சின்ன அடியாய், பெரிய செருப்பை இழுத்து இழுத்து வைத்துக்கொண்டு போனாள். கடைசி மாதங்களில் அவனும் அப்படித்தான் நடந்திருப்பான். நான் அதைப் பார்த்ததில்லை, கேட்டதுதான் உண்டு.

கல்லில் கையை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

“நாப்பது இல்ல அண்ணாச்சி,” என்றாள். “எழுவத்தி ஒண்ணு.”