சாம்பல் நிறம் என்று வாங்கிய சட்டை

என் தம்பி தேவேந்திரனுக்குப் பச்சையும் பழுப்பும் ஒன்றுதான். சிவப்பு அவனுக்கு இருட்டாகத் தெரியும், ரோஸ் சாம்பலாகத் தெரியும். அந்தக் கண்களோடு அவன் எங்கள் தீவின் அபர்டீன் பஜாரில் ஒரு துணிக்கடையின் சட்டைப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறான். பூஜை சீசனில் "தேவா பாய் இருக்காரா?" என்று கேட்டுவிட்டு உள்ளே வருகிற வாடிக்கையாளர்கள் அவனுக்கு உண்டு. கடைக்குச் சரக்கு எடுக்க கடல் தாண்டி மெயின்லேண்டுக்கு அவனைத்தான் அனுப்புகிறார்கள். தன் கல்யாணச் சட்டையைத் தானே தேர்ந்தெடுத்தான். பெண் வீட்டார் அது எங்கே தைத்தது என்று விசாரித்தார்கள். பேம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தம் போகும் படகில் அவன் ஏறினால், இன்றைக்கு என்ன போட்டிருக்கிறான் என்று திரும்பிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவனுக்கு மூத்தவள் நான், சுகுணா, எட்டாவது படித்தவள், இதையெல்லாம் பார்த்தபடியே எழுதுகிறேன்.

எங்கள் அப்பா தம்பையா இலங்கையின் மலைத் தோட்டத்திலிருந்து சிறு பிள்ளையாக வந்தவர். கச்சால் தீவில் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். நாங்கள் அங்கேதான் பிறந்தோம். ரப்பர் பால் பட்ட துணி எந்த நிறமாக இருந்தாலும் கறை பிடித்துக் கறுத்துவிடும். தோட்டத்தில் எல்லோரும் ஒரே நிறத்தில்தான் திரிந்தோம். அதனால் தம்பியின் கண்ணைப் பற்றி வெகுநாள் யாருக்கும் தெரியவில்லை.

நாங்கள் பேம்பூஃப்ளாட்டுக்குக் குடிவந்த பிறகு அவன் கப்பலில் டெக் வேலைக்கு முயற்சி செய்தான். கண் பரிசோதனையில் புள்ளி புள்ளியாக ஒரு படத்தைக் காட்டி, உள்ளே என்ன எண் என்று கேட்டார்கள். "எண்ணா? புள்ளிதான் இருக்கு" என்றான். இரவில் எதிரே வரும் கப்பலின் சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் பிரித்துப் பார்க்க முடியாதவனுக்கு டெக்கில் இடமில்லை. அந்த டாக்டரம்மா அவனையும் துணைக்குப் போன என்னையும் உடனே வெளியே அனுப்பிவிடாமல் உட்காரவைத்துப் பேசினார். "இது நோய் இல்லம்மா, பிறவியிலேயே இப்படி. கப்பல் வேலை முடியாது. மத்ததெல்லாம் முடியும்." அந்தக் கடைசி வார்த்தைக்கு அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

தோட்டத்தில் தெரியாதது ஊரில் தெரிந்தது. இலைப் பச்சைச் சட்டையும் செங்கல் நிற பேண்டுமாக அவன் கிளம்பினால் படகில் சிரிப்பார்கள். நான் அவன் சட்டைக் காலர்களுக்கு உள்ளே நூலால் முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு இரண்டு, பழுப்புக்கு மூன்று. நீலத்துக்கு வேண்டாம், அது அவனுக்கு நன்றாகவே தெரியும். கொஞ்ச நாளில் முடிச்சைத் தடவிப் பார்ப்பதும் அலுத்துப்போய், நீலத்தை மட்டும் போட ஆரம்பித்தான். நீலச் சட்டை, கறுப்பு பேண்ட். சாத்தம் படகுத்துறையில் நின்றால் போட் ஊழியர் என்று நினைத்து, "பையா, அகலா போட் கப் ஹை?" என்று அடுத்த போட்டுக்கு நேரம் கேட்பார்கள். அவனும் சொல்வான்.

"கப்பல் வேலதான் கெடைக்கல. கேள்வி மட்டும் கெடைக்குதுக்கா" என்பான்.

பிறகுதான் துணிக்கடை. முதலாளி வெள்ளைச்சாமி அண்ணாச்சி, அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர். தம்பி மாடியிலுள்ள குடோனில் மூட்டை தூக்கினான். துணியைக் கையில் பிடித்தாலே அது மழையில் எப்படி இருக்கும், உடம்பில் ஒட்டுமா, துவைத்தால் சுருங்குமா என்று சொல்லிவிடுவான். அதைக் கவனித்த அண்ணாச்சி, ஆவணி முகூர்த்தக் கூட்டத்துக்கு அவனைக் கீழே சட்டை கவுண்டரில் நிறுத்திப் பார்த்தார். சரியாக வந்தால் அங்கேயே வேலை. கண் விஷயத்தை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளைத் தோழர்கள் ஏழு பேருக்கு ஒரே பச்சையில் சட்டை கேட்டார்கள். இவன் அளவு பார்த்து எடுத்து, அழகாக மடித்துக் கட்டிக் கொடுத்தான். மறுநாள் மாப்பிள்ளையின் அண்ணன் வந்து பெட்டியைக் கவுண்டரில் கவிழ்த்தார். அதில் இரண்டு பழுப்பு.

"ஏன்யா, அஞ்சு பேரு மாப்பிள்ளைத் தோழனுக, மிச்ச ரெண்டு பேரு சமையக்காரனுகளா?"

அண்ணாச்சி மன்னிப்புக் கேட்டு மாற்றிக் கொடுத்தார். ஆள் போன பிறகு தம்பியைக் கூப்பிட்டார். இவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

"இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானப்பா?"

"சொல்லியிருந்தா கவுண்டர்ல நிக்க விட்டிருப்பீங்களா, அண்ணாச்சி?"

அவர் திரும்பி வந்த இரண்டு பழுப்புச் சட்டையையும் அலமாரியில் வைத்தார். "இப்போதைக்கு மேல குடோனப் பாரு" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்தவன் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தான். "கப்பல் வேல இல்லன்னப்பகூட இப்படி இல்லக்கா. அது சம்பளத்துக்குப் போன வேல. இது எனக்குப் புடிச்சிருக்கு."

அடுத்த சில நாளில், குடோன் மூலையில் கிடந்த ஒரு கட்டிலிருந்து தனக்கென்று ஒரு சட்டை விலைக்கு வாங்கி வந்தான். அவனாகவே எடுத்த முதல் சட்டை அது. மடித்துப் போடும் காலர் இல்லாத பட்டிக் கழுத்து, அங்கங்கே நூல் தடித்துத் தெரியும் பருத்தி. காலையில் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றான். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தான். அப்படிப் பார்த்தால் எது வெளுப்பு, எது அடர்த்தி என்பது மட்டும் தெரியுமாம். மேலே வெளுப்பு, கீழே அடர்த்தி. தண்ணீர் தெறிக்காமல் இருக்க பேண்டைக் கணுக்காலுக்கு மேலே மடித்திருந்தான்.

"எப்படிக்கா?"

சட்டை ரோஸ். எங்கள் பக்கத்து ஆண்கள் யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அவனுடைய நீண்ட கழுத்துக்கும் ஒடுங்கிய தோளுக்கும் அளந்து தைத்தது போல இருந்தது.

"நல்லா இருக்குடா. கலர் என்னன்னு சொல்லவா?"

"வேணாம். கேட்டா மறுபடி நீலத்துக்கே போயிருவேன்."

படகில் டிக்கெட் கிழிக்கிற விஜயன் விடவில்லை. "அரே வாஹ், ஹீரோ! யூனிஃபார்ம் எங்க? ரிசைன் பண்ணிட்டியா?"

கடையில் நடந்ததை பில் போடும் மீனா எனக்குச் சொன்னாள். தம்பி மூட்டையோடு மாடிப்படியில் இறங்கி வந்திருக்கிறான். கீழே ஒரு வங்காளி வாத்தியார், எடுத்துப்போட்ட சட்டை எதுவும் பிடிக்காமல் நின்றிருக்கிறார். இவனைப் பார்த்ததும், "வோ வாலா திகாயியே" என்று விரலை நீட்டினாராம், அந்தச் சட்டையைக் காட்டுங்கள் என்று. மூலையில் கிடந்த கட்டு கீழே வந்தது. அவர் இரண்டு எடுத்தார். நின்று வேடிக்கை பார்த்தவர்களும் எடுத்தார்கள்.

கூட்டம் குறைந்ததும் அண்ணாச்சி கேட்டிருக்கிறார்: "ஏப்பா, இத யாரு உனக்கு எடுத்துக் குடுத்தா?"

"நானேதான் அண்ணாச்சி. ஆஷ் கலரு."

"ஆஷா? அது ரோஸுப்பா!"

கடையே சிரித்ததாம். தம்பி குனிந்து சட்டையைப் பார்த்துவிட்டு அவனும் சிரித்தானாம். அண்ணாச்சிதான் முதலில் சிரிப்பை நிறுத்தினார்.

"நான் கலரப் பாத்தேன். ஆம்பளைக வாங்க மாட்டாங்கன்னு ஆறு மாசமா மேல போட்டு வச்சிருந்தேன். நீ துணியப் பாத்திருக்க."

"ஒவ்வொரு சட்ட அட்டையிலயும் கலர் பேர நான் எழுதிடறேன் அண்ணாச்சி" என்றாள் மீனா. "அதப் படிச்சு எடுத்துக் குடுக்கட்டும்."

அண்ணாச்சி தம்பியைப் பார்த்தார். "வர்றவங்ககிட்ட மறைக்காமச் சொல்லிருவியா?"

"சொல்லிர்றேன். கலர் நீங்க சொல்லுங்க, துணியும் அளவும் நான் சொல்றேன்னு சொல்லிர்றேன்."

இன்றும் அப்படித்தான் சொல்லி விற்கிறான். அதற்குப் பிறகு அவன் உடுப்பு மெல்ல மெல்லத் தெளிந்தது. பட்டிக் கழுத்து நிலைத்தது. பாக்கெட் போயிற்று, அது அவன் மெலிந்த மார்பில் தொங்கியது. மழை மாதங்களுக்கு ஒரே நாளில் உலரும் மெல்லிய துணி, ஜனவரி காற்றுக்குக் கொஞ்சம் கனமானது. கோடு போட்டதில் ஒடுங்கிய கோடு மட்டும். முடிச்சு வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். ஒரு தடவை கத்தரிப்பூ நிறத்தில் எடுத்துவந்து நீலம் என்று சாதித்தான். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

டாக்டரம்மாவுக்கும் மீனாவுக்கும் எங்கள் வீடு கடமைப்பட்டிருக்கிறது. அண்ணாச்சிக்கு அதைவிட அதிகம். ஏழு சட்டையில் இரண்டைத் தப்பாய்க் கொடுத்தவனை அவர் அப்படியே மூட்டை தூக்க விட்டிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

குடோன் ஆட்களுக்கு அந்தக் கடையில் பதிவேடு கிடையாது, சனிக்கிழமை கையில் கூலி. கவுண்டரில் நிற்பவர்கள்தான் காலையில் கையெழுத்துப் போடுவார்கள். அந்த ரோஸ் சட்டை போட்டுப் போன வாரம் முடிந்து அடுத்த வாரம் பிறந்ததும் அண்ணாச்சி பதிவேட்டில் புதிதாக ஒரு பெயர் எழுதி அவன் பக்கம் திருப்பிவைத்தார். தம்பி பேனாவை வாங்கி, தமிழில், அப்பாவின் முதலெழுத்தோடு 'த. தேவேந்திரன்' என்று முதன்முதலாகக் கையெழுத்திட்டான். அன்று 2019 செப்டம்பர் 9, திங்கட்கிழமை.