ஸ்டாம்பு ஒட்டிய பலூன்

சுனாமிக்கு மறுவருஷம், ஜூலை பதினாலு. பிரெஞ்சு தேசிய தினத்துக்குக் கடற்கரையில் விட்ட வாணவேடிக்கை முடிந்து, கருகிய காகித வாசனை எங்கள் மொட்டைமாடிவரை வந்தது. அந்த வாசனையில் எனக்கு மறுபடி ஒன்பது வயது.

அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார். லீவில் வந்தவர், கலர் பேப்பரை மைதாப் பசையால் ஒட்டி, அடியில் எண்ணெய்த் துணியைக் கொளுத்திப் பலூன் விட்டார்.

"பாரீஸை எதிரிங்க வளைச்சப்ப, ஜனங்க கடுதாசியெல்லாம் பலூன்லதான் வெளிய போச்சு."

"பதிலு?"

"பலூன் காத்தடிக்கிற பக்கம்தான் போவும். திரும்பி வராது."

மறுவருஷம் அவர் வரவில்லை. நானே ஒரு பலூன் செய்து, 'அப்பா, சீக்கிரம் வாங்க' என்று எழுதிக் கட்டினேன். தபால் என்பதால் ஸ்டாம்பும் ஒட்டினேன். மேல்காற்று அதைக் கடல் பக்கம் கொண்டுபோனது.

துணி எடுக்க மாடிக்கு வந்த அம்மா திட்டவில்லை.

"நானும் கேட்டேன்னு எழுதுனியாடி?"

எழுதவில்லை. "எழுதுனேம்மா" என்றேன். வெளிச்சம் புள்ளியாகி மறையும்வரை அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள்.

அப்பா வரவேயில்லை. அம்மாவும் போய்விட்டாள். அதே மாடியில் இப்போது நான் மட்டும். அம்மாவுக்காக எழுதாத அந்த ஒரு வரி இன்னும் என்னிடமே இருக்கிறது.